கிறிஸ்தவத் திருமணம் உறுதியாய் நிற்க: நிச்சயதார்த்தம் முதல் நெருக்கடி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிறு காலை ஒரே பைக்கில் ஆராதனைக்கு வருகிறார்கள். ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து ஒரே அதிகாரத்தைத் திறக்கிறார்கள். திருவிருந்து எடுக்கிறார்கள். வீட்டுக்குத் திரும்பியதும் "சாப்பாடு வைக்கவா?", "ம்" என்பதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடுகிறது. நம் சபைகளில் இப்படி எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. இருவருக்கும் விசுவாசம் உண்டு, ஜெபமும் உண்டு. ஆனால் கேட்ட வசனம் அடுப்படிக்கும், பணப்பெட்டிக்கும், படுக்கையறைக்கும் வந்து சேரவில்லை.

ஜெபம் குறைந்ததால்தான் திருமணம் உடைகிறது என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஜெபித்துக்கொண்டே மனைவியின் சம்பளத்தைக் கணக்குச் சொல்லாமல் செலவழிப்பவரும் இருக்கிறார், உபவாசம் இருந்துகொண்டே கணவரிடம் பத்து நாள் பேசாதவரும் இருக்கிறார். தேவன் திருமணத்தைப் பற்றிச் சொன்னவற்றில் பெரும்பகுதி வீட்டுக்குள் கையால் செய்து காட்டவேண்டிய காரியங்கள். அவற்றை வரிசையாகச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று முறைகள் மாறினாலும் வீட்டுக்குள் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் ஒன்றுதான். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து படித்தால் நல்லது. ஒரு வேண்டுகோள்: "பாருங்க, உங்களுக்குத்தான் எழுதியிருக்கு" என்று அடுத்தவருக்கு நீட்டாதீர்கள். அவரவர் பங்கை அவரவர் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஓலை வாசிக்கும் முன்பே பேசி முடியுங்கள்

திருமண அறிவிப்பை மூன்று ஞாயிறு சபையில் வாசிப்பது பழைய வழக்கம். கத்தோலிக்கர் ஓலை வாசிப்பது என்பார்கள். அந்த நாட்களில் இரு வீட்டாரும் மண்டபம், புடவை, பத்திரிகை என்று ஓடிக்கொண்டிருப்பார்கள். மணமக்கள் போனில் மணிக்கணக்காகப் பேசுவார்கள், ஆனால் பேசவேண்டியதைப் பேசுவது அபூர்வம். கத்தோலிக்கத் திருச்சபையில் திருமணத் தயாரிப்பு வகுப்பு கட்டாயம். மற்ற சபைகளில் போதகர் அரை மணி நேரம் ஆலோசனை சொல்லி அனுப்பிவிடுவதும் உண்டு. அது போதாது. நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த ஊரில், யாரோடு இருக்கப் போகிறோம்? யாருக்கு எவ்வளவு கடன் இருக்கிறது? கல்விக் கடன் இருந்தால் அது யார் தலையில்? தங்கை கல்யாணப் பொறுப்பு யாருக்காவது இருக்கிறதா? குழந்தை பிறந்த பிறகு மனைவி வேலைக்குப் போவாளா? தொடர்ந்து சாப்பிடும் மருந்து, முன்பு வந்த நோய், மன அழுத்தத்துக்கு எடுத்த சிகிச்சை ஏதாவது உண்டா? இவற்றை மறைத்துக் கட்டும் தாலி பொய்யின்மேல் கட்டப்படுகிறது. பின்னால் தெரியவரும்போது அந்த நோயைவிட மறைத்ததுதான் அதிகம் வலிக்கும்.

சபை வேறாக இருந்தால் இன்னும் தெளிவாகப் பேசவேண்டும். பல பெந்தெகொஸ்தே சபைகளில் நகையும் இல்லை, தாலியும் இல்லை. சி.எஸ்.ஐ. குடும்பத்தில் தாலி இல்லாத மருமகளைப் பாட்டி எப்படிப் பார்ப்பார் என்பது சின்ன விஷயம் அல்ல. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதா, வளர்ந்தபின் அவனே தீர்மானிப்பதா என்பது அதைவிடப் பெரிது. கத்தோலிக்கர் ஒருவர் வேறு சபையாரை மணந்தால் ஆயரின் அனுமதி வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வதாக வாக்கும் கொடுக்கவேண்டும். இதெல்லாம் "பிறகு பார்த்துக்கலாம்" என்று விடக்கூடிய காரியங்கள் அல்ல. விட்டால், முதல் குழந்தை பிறந்த மாதத்தில் இரண்டு குடும்பமும் எதிரெதிரே நிற்கும்.

வரதட்சணை பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். 1961-ம் ஆண்டுச் சட்டப்படி கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். தெற்கு மாவட்டங்களில் நம் ஆட்களே "இத்தனை பவுன், இவ்வளவு ரொக்கம்" என்று பேசி முடித்துவிட்டு ஜெபத்தோடு எழுந்திருக்கிறார்கள். பேரம் பேசி வாங்கப்பட்ட மாப்பிள்ளையிடம் பிறகு, மனைவிக்காகத் தன்னையே கொடுக்கச் சொல்லும் எபேசியர் 5-ஐப் பற்றிப் பேசுவது கடினம். மாப்பிள்ளை தன் பெற்றோரிடம் நேராகச் சொல்லவேண்டிய முதல் "வேண்டாம்" இது. அந்தத் தைரியம் இருக்கிறதா என்று பெண்ணும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். சாதி பார்த்து வரன் தேடுவதும் அப்படியே. கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று என்கிற கலாத்தியர் 3:28-ஐ மனப்பாடமாய்ச் சொல்லத் தெரிந்த வீட்டில் அந்தக் கேள்வி முதலில் வரவே கூடாது.

சட்ட வேலை ஒன்றும் உண்டு. 1872-ம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது நிறைந்திருக்கவேண்டும். திருமணம் நடத்தும் போதகருக்கு அதற்கான அதிகாரமோ உரிமமோ இருக்கிறதா என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட், விசா, காப்பீடு என்று வரும்போது சான்றிதழ் இல்லாமல் அலைய நேரும்.

படி 2: பெற்றோரை விட்டு வாருங்கள், கைவிட்டு அல்ல

"இதினிமித்தம் புருஷன் தன் தகப்பனையும் தன் தாயையும் விட்டு, தன் மனைவியோடே இசைந்திருப்பான், அவர்கள் ஒரே மாம்சமாயிருப்பார்கள்." ஆதியாகமம் 2:24. எல்லாக் கல்யாண ஆராதனையிலும் வாசிக்கப்படும் வசனம் இது. நம் வழக்கத்தில் வீட்டை விட்டு வருபவள் பெண். வசனமோ ஆணிடம் "விட்டு" என்கிறது. என் பார்வையில் நம் குடும்பங்களில் பாதிச் சண்டைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, ஆனால் அவன் இன்னும் அம்மாவின் வீட்டுப் பிள்ளையாகவே தீர்மானம் எடுக்கிறான்.

விட்டு வருவது என்றால் தனிக்குடித்தனம் போயே ஆகவேண்டும் என்று இல்லை. சென்னை வாடகையில் பலருக்கு அது முடியாது. வயதான பெற்றோரைத் தனியே விடுவதும் முறையல்ல. தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோரைக் கவனிக்காமல் விட்டவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்தார், மாற்கு 7-ல் இருக்கிறது. சிலுவையில் தொங்கியபோதும் தம் தாயை யோவானிடம் ஒப்படைத்தார். எனவே கேள்வி வீட்டின் முகவரி அல்ல. கடைசித் தீர்மானம் யாரிடம் இருக்கிறது என்பதுதான்.

கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்கள் ஒரு ஒழுங்கை வைத்துக்கொள்ளுங்கள். அவரவர் பெற்றோரிடம் அவரவரே பேசவேண்டும். அத்தை சமையலைக் குறை சொன்னால் மருமகள் பதில் சொல்லவேண்டியதில்லை. மகன் தன் அம்மாவிடம் தனியாக, மரியாதையோடு, "அம்மா, இனி இதை அவகிட்ட நேரடியாச் சொல்லாதீங்க, என்கிட்டச் சொல்லுங்க" என்று சொல்லவேண்டும். பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் வேலையைப் பற்றிக் குத்திப் பேசினால், மகள்தான் தன் அப்பாவிடம் பேசவேண்டும். "நீயாச்சு, எங்கம்மாவாச்சு" என்று ஒதுங்கிக்கொள்ளும் கணவன் சமாதானம் செய்யவில்லை, மனைவியைத் தனியே நிற்கவைக்கிறான்.

அப்புறம், சண்டையை அம்மா வீட்டுக்குப் போனில் கொண்டுபோகாதீர்கள். நீங்கள் ராத்திரியே சமாதானம் ஆகிவிடுவீர்கள். அம்மாவால் அதை மறக்க முடியாது. (அடி, மிரட்டல் என்றால் இந்த விதி பொருந்தாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.)

உபாகமம் 24:5 புதிதாய் மணமுடித்தவனை ஒரு வருஷம் யுத்தத்துக்கு அனுப்பக்கூடாது என்கிறது. அவன் வீட்டில் இருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்தவேண்டும். ஒரு நாட்டின் படைத் தேவையையே தள்ளிவைத்த கட்டளை அது. முடிந்தால் முதல் வருஷத்தில் வெளிநாட்டு வேலையை ஏற்காதீர்கள். சபையில் புதிய பொறுப்புகளையும் தள்ளிப்போடுங்கள். ஓய்வுநாள் பள்ளியை வேறொருவர் ஒரு வருஷம் பார்த்துக்கொள்ளட்டும்.

படி 3: எபேசியர் 5-ஐ முழுசாக வாசியுங்கள்

"மனைவிகளே, உங்கள் சொந்தப் புருஷருக்குக் கீழ்ப்படியுங்கள்" என்ற 22-ம் வசனம் எல்லா ஆண்களுக்கும் தெரியும். அதற்கு முந்தின வசனம் "தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்கிறது. பவுல் அங்கிருந்துதான் தொடங்குகிறார். மனைவிகளுக்கு 22 முதல் 24 வரை மூன்று வசனம். 25-ல் தொடங்கி அதிகாரம் முடியும்வரை பேச்சு பெரும்பாலும் கணவனிடம்தான். கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோல அவன் மனைவிக்காகத் தன்னைக் கொடுக்கவேண்டும்.

இதை மேடையில் பேசுவது எளிது. வீட்டில் இது எப்படி இருக்கும்? ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழுதால் எழுந்திருப்பதாக இருக்கும். மனைவிக்குக் காய்ச்சல் என்றால் "ஹோட்டல்ல வாங்கிக்கலாம்" என்று சொல்லிப் படுத்துவிடாமல் கஞ்சி வைத்துக் கொடுப்பதாக இருக்கும். அவள் வேலைக்குப் போகிறவள் என்றால் சாயங்காலம் வீட்டு வேலையும் பாதிப் பாதி. இதை "உதவி" என்று நினைக்கவே கூடாது, அது அவனுடைய வீடும்தான். தலைமை என்று பவுல் சொல்வதற்கு அவர் காட்டும் ஒரே மாதிரி சிலுவை. அதிகாரம் காட்டுவதற்கு இந்த அதிகாரத்தில் ஒரு வரி கூட இடம் கொடுக்கவில்லை.

மனைவியின் பங்கும் சின்னதல்ல. 33-ம் வசனம் கணவனிடத்தில் பயபக்தியாய் இருக்கச் சொல்கிறது. நம் காலத்து வீட்டில் அதற்கு முதல் அடையாளம், அவரைப் பிள்ளைகள் முன்னாலும் தன் வீட்டார் முன்னாலும் மட்டம் தட்டாமல் இருப்பது. "இவருக்கு ஒண்ணும் தெரியாது" என்பதைச் சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்காகத் தப்பைத் தப்பு என்று சொல்லக்கூடாது என்று அர்த்தமில்லை. 1 சாமுவேல் 25-ல் அபிகாயில் தன் கணவன் நாபாலின் முட்டாள்தனத்துக்குத் துணைபோகவில்லை. அவனைக் கேட்காமலே உணவை எடுத்துக்கொண்டு தாவீதிடம் போய் வீட்டையே காப்பாற்றினாள். வேதம் அவளைப் புத்திசாலி என்றுதான் சொல்கிறது.

பேதுரு கணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை வைத்திருக்கிறார். மனைவிக்குக் கனம் கொடுக்காவிட்டால் உங்கள் ஜெபங்களுக்கே தடை வரும் என்கிறார் (1 பேதுரு 3:7). ஜெபத்துக்குப் பதில் வரவில்லை என்று ஊர் ஊராய்க் கூட்டங்களுக்குப் போகிறவர் முதலில் இந்த வசனத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்கவேண்டும்.

படி 4: சேர்ந்து ஜெபியுங்கள், ஜெபத்தில் திட்டாதீர்கள்

குடும்ப ஜெபம் நம் முன்னோர் விட்டுப்போன நல்ல சொத்து. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், ஒரு ஜெபம். கத்தோலிக்க வீடுகளில் செபமாலை. அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் அது பிள்ளைகளோடு செய்வது. கணவனும் மனைவியும் மட்டும் சேர்ந்து ஜெபிப்பது வேறு, அது பல வீடுகளில் நடப்பதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்காகச் சத்தமாய் ஜெபிக்க முடிகிறவருக்கும் தன் மனைவியின் கையைப் பிடித்து ஜெபிக்கக் கூச்சம்.

சின்னதாகத் தொடங்குங்கள். தூங்குமுன் பத்து நிமிஷம் போதும். ஒருவர் ஒரு சங்கீதம் வாசிக்கட்டும். பிறகு "இன்னைக்கு உனக்கு எது பாரமா இருந்துச்சு?" என்று ஒருவரையொருவர் கேளுங்கள். கேட்டதை மட்டும் இரண்டு வரியில் ஜெபியுங்கள். நீளமான ஜெபம் வேண்டாம். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் தொடருங்கள். ஷிப்ட் வேலைக்காரர்களும், துபாயிலோ மஸ்கட்டிலோ இருப்பவர்களும் வாட்ஸ்அப் அழைப்பில் இதைச் செய்யலாம். பணம் வந்ததா, பிள்ளை மார்க் எவ்வளவு என்பதற்கு அப்பால் பேச அந்தப் பத்து நிமிஷம் இடம் கொடுக்கும்.

ஒரு பழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிடவேண்டும். "ஆண்டவரே, இவருக்கு நல்ல புத்தியைக் கொடும், இவர் கோபத்தை மாற்றும்" என்று கணவர் காதில் விழும்படி ஜெபிப்பது. அல்லது "கர்த்தாவே, இவளுக்கு அடங்கிய ஆவியைத் தாரும்" என்பது. அது தேவனிடம் பேசுவது போலக் கண்ணை மூடிக்கொண்டு அடுத்தவரைத் திட்டுவது. குறை இருந்தால் கண்ணைத் திறந்து நேரில் சொல்லுங்கள். ஜெபத்தில் அவருக்காக நன்றி சொல்லுங்கள்.

படி 5: சண்டை போடக் கற்றுக்கொள்ளுங்கள்

சண்டை வராத வீடு இல்லை. வேதமும் அப்படி எதிர்பார்க்கவில்லை. "நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்; சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்கிறது எபேசியர் 4:26. கோபம் வரும் என்று ஒத்துக்கொண்டு, அதற்கு ஒரு கால வரம்பு வைக்கிறது.

கோபம் உச்சத்தில் இருக்கும்போது எதையும் பேசித் தீர்க்க முயலாதீர்கள். "எனக்கு இப்போ ரொம்பக் கோபமா இருக்கு, ராத்திரி சாப்பிட்டுட்டுப் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு விலகுங்கள். எப்போது பேசுவோம் என்பதையும் சொல்லிவிட்டுப் போகவேண்டும், அது முக்கியம். சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டால் அது தண்டனையாகிவிடும். பேச உட்காரும்போது அந்த ஒரு விஷயத்தை மட்டும் பேசுங்கள். "நிச்சயதார்த்தத்தன்னைக்கே உங்க மாமா என்ன சொன்னாரு தெரியுமா?" என்று தொடங்கினால் ராத்திரி முழுக்கப் போதாது. "நீ எப்பவுமே இப்படித்தான்" என்பதற்குப் பதிலாக, "நேத்து நீ வரலேன்னதும் நான் தனியா நின்னேன், கஷ்டமா இருந்துச்சு" என்று நடந்ததைச் சொல்லுங்கள். நீதிமொழிகள் 15:1 இதற்குத்தான்: "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும், கடுஞ்சொற்களோ கோபத்தை எழுப்பும்."

நம் வீடுகளில் கத்துவதைவிடக் கொடியது பேசாமல் இருப்பது. ஒரு வாரம், பத்து நாள், பிள்ளைகள் வழியாகவே "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று தூது. பிள்ளைகள் இதை அப்படியே கற்றுக்கொள்கிறார்கள். மனைவிகள்மேல் "கசந்துகொள்ளாதிருங்கள்" என்று கொலோசெயர் 3:19 சொல்வது இந்த உள்ளே புளித்துப்போகும் கோபத்தைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

மன்னிப்புக் கேட்பது நம்மில் பலருக்கு வாயில் வருவதில்லை. காபி போட்டுக் கொடுப்பது, மல்லிகைப்பூ வாங்கி வருவது என்று சுற்றிவளைத்துச் சமாதானம் செய்வோம். அதுவும் அன்புதான். ஆனால் வாயால் சொல்லவும் வேண்டும். "நான் அப்படிப் பேசினது தப்பு, மன்னிச்சிரு" என்று சொல்லி அதோடு நிறுத்துங்கள். "ஆனா நீயும்தான்" என்று சேர்த்தால் முதலில் சொன்னது செல்லாது. திருத்தந்தை பிரான்சிஸ் தம்பதியரிடம் மூன்று சொற்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: தயவுசெய்து, நன்றி, மன்னித்துக்கொள். சபை எதுவாக இருந்தாலும் இந்த மூன்றும் எல்லா வீட்டுக்கும் வேண்டும்.

மன்னித்த பிறகு அதை மறுபடி எடுக்காதீர்கள். அன்பு "தீங்கு நினையாது" என்கிறது 1 கொரிந்தியர் 13. அதே சமயம், கள்ள உறவு போன்ற பெரிய துரோகத்தில் மன்னிப்பு ஒரு நாளில் வரலாம், நம்பிக்கை வர வருஷங்கள் ஆகலாம். "மன்னிச்சிட்டேன்னு சொன்னியே, அப்புறம் ஏன் போனைப் பார்க்கிறே?" என்று தவறு செய்தவர் கேட்கக்கூடாது. நம்பிக்கையைத் திரும்பக் கட்டும் வேலை அவருடையது.

படி 6: பணத்தை மேசைமேல் வையுங்கள்

அப்போஸ்தலர் 5-ல் அனனியாவும் சப்பீராளும் ஒற்றுமையான தம்பதிதான். நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவிட்டு, இருவரும் பேசிவைத்துக்கொண்டே பொய் சொன்னார்கள். எனவே ஒற்றுமை மட்டும் போதாது, நேர்மையும் வேண்டும். முதலில் ஒருவருக்கொருவர், பிறகு வெளியே.

மாதத் தொடக்கத்தில் ஒரு மாலை ஒதுக்குங்கள். இருவர் சம்பளம், வாடகை அல்லது வீட்டுக் கடன், பள்ளிக் கட்டணம், சீட்டு, நகைக் கடன் வட்டி, இரு வீட்டுப் பெற்றோருக்கும் அனுப்பும் தொகை எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். கணவனின் பெற்றோருக்கு மாதாமாதம் பணம், மனைவியின் பெற்றோருக்குப் பண்டிகைக்கு மட்டும் புடவை என்றால் அதை நியாயம் என்று சொல்ல முடியாது. தசமபாகத்தையும் காணிக்கையையும் இருவரும் சேர்ந்து தீர்மானியுங்கள். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் டி.வி. ஊழியங்களுக்கு அனுப்புவதால் வீட்டில் வெடித்த சண்டைகள் நிறைய. தேவனுக்குக் கொடுப்பதில் ஒளிவு எதற்கு?

நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதை நீதிமொழிகள் பல இடங்களில் எச்சரிக்கிறது. துணைக்குத் தெரியாமல் எந்தக் கடனிலும் கையெழுத்திடாதீர்கள். வீடு வாங்கினால் இருவர் பெயரிலும் பதிவு செய்யுங்கள். வங்கி, பி.எஃப்., காப்பீடு எல்லாவற்றிலும் நாமினி யார் என்று ஒருமுறை பாருங்கள். கல்யாணத்துக்கு முன் போட்ட பெயர் பலருக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. மனைவிக்குப் பிறந்த வீட்டுச் சொத்தில் உரிமை உண்டு: உயில் எழுதாமல் தந்தை இறந்தால் 1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவ மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அந்தப் பங்கைக் கேட்டு வா என்று அவளை நெருக்குவது மட்டும் வேண்டாம். அது அவள் உரிமை, அவள் தீர்மானம்.

படி 7: படுக்கையறையும் தேவன் தந்ததே

சபையில் இதைப் பற்றிப் பேசமாட்டார்கள். ஆனால் வேதத்தில் உன்னதப்பாட்டு இருக்கிறது, எட்டு அதிகாரம். பவுல் 1 கொரிந்தியர் 7:4-ல் மனைவியின் சரீரத்துக்குக் கணவன் அதிகாரி என்று சொன்ன கையோடு, கணவனின் சரீரத்துக்கு மனைவி அதிகாரி என்றும் சொல்கிறார். ஜெபத்துக்காக விலகியிருப்பதானாலும் இருவரும் சம்மதித்துத்தான் விலகவேண்டும் என்பது அடுத்த வசனம். இருவர் சம்மதமும் இல்லாமல் எதுவும் இல்லை என்பதே அதன் சாரம். முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மனைவியை வற்புறுத்துகிறவர் வேதத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார்.

பிரசவத்துக்குப் பிறகும், மாதவிடாய் நிற்கும் காலத்திலும் உடம்பும் மனசும் மாறும். பொறுமை வேண்டும். வலியோ வேறு சிக்கலோ இருந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் போங்கள். சண்டையில் படுக்கையறை உறவை ஆயுதமாக்கித் தண்டிப்பதும் கூடாது.

குழந்தை தாமதமானால் "என்ன, விசேஷம் உண்டா?" என்ற கேள்வி ஆராதனை முடிந்து வெளியே வரும்போதே தொடங்கிவிடும். 1 சாமுவேல் 1-ல் எல்க்கானா, குழந்தையில்லாமல் அழுகிற தன் மனைவி அன்னாளிடம், பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு அதிகமல்லவா என்று கேட்டான். அவள் துக்கத்தை அவன் முழுசாகப் புரிந்துகொள்ளவில்லை. ஆனாலும் அவளைக் குறை சொல்லவில்லை, தள்ளிவிடவுமில்லை. பரிசோதனைக்கு இருவரும் போகவேண்டும். குறை யாரிடமும் இருக்கலாம். சிகிச்சை எடுப்பது அவிசுவாசம் அல்ல. கத்தோலிக்கத் திருச்சபை சோதனைக்குழாய் முறையை ஏற்பதில்லை, மற்ற சபைகளில் கருத்து வேறுபடும். உங்கள் மனசாட்சியோடும் போதகரோடும் பேசி முடிவு செய்யுங்கள். ஊர் வாயை மூடும் பொறுப்பு கணவனுடையது. "நாங்க பார்த்துக்கிறோம், அத்தை" என்று அவன் சொன்னால் அடுத்த கேள்வி வராது.

படி 8: ஊழியம் வீட்டைத் தின்ன விடாதீர்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் அழுத்தமாக. பாடகர் குழு, வாலிபர் கூட்டம், உபவாச ஜெபம், வீட்டு ஜெபக் கூட்டம் என்று வாரம் முழுக்க வெளியே இருப்பவர் தன் வீட்டில் யாருக்கும் கிடைப்பதில்லை. தன் சொந்தக் குடும்பத்தை நடத்தத் தெரியாதவன் சபையை எப்படிக் கவனிப்பான் என்று 1 தீமோத்தேயு 3:5 கேட்கிறது. வாரத்தில் ஒரு சாயங்காலமாவது கூட்டம் இல்லாமல், போன் இல்லாமல் வீட்டுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். போதகர் குடும்பங்களுக்கு இது இன்னும் அதிகமாகத் தேவை. சபை அந்த நாளை மதிக்கவேண்டும்.

படி 9: கையோங்கினால் என்ன செய்வது

இங்கே தயக்கம் கூடாது. "பொறுத்துப் போம்மா, ஜெபம் பண்ணு, கர்த்தர் மாத்துவார்" என்று அடிபட்ட பெண்ணைத் திரும்ப அனுப்புவது ஆலோசனை அல்ல. மல்கியா 2:16-ல் தள்ளிவிடுதலை, அதாவது மனைவியை விலக்கிவிடுவதை, வெறுக்கிறேன் என்று கர்த்தர் சொல்வதை எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள். அதே வசனம் கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறவனையும் சேர்த்துக் கண்டிக்கிறது. திருமண உடன்படிக்கையை முறிப்பவன் அடிக்கிறவன்தான். உயிர் பிழைக்க வெளியேறுகிறவள் அல்ல.

அடி, கொலை மிரட்டல், பூட்டிவைத்தல், கட்டாய உறவு, பணத்தைப் பறித்தல் இவற்றில் எது நடந்தாலும் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு. சமாதானப் பேச்சு பிறகு. பெண்கள் உதவி எண் 181 இலவசம். 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாப்பு உத்தரவு, சேர்ந்து வாழ்ந்த வீட்டிலேயே தங்கும் உரிமை, பராமரிப்புத் தொகை ஆகியவற்றைக் கேட்கலாம். இதற்கென்று பாதுகாப்பு அலுவலர்கள் இருக்கிறார்கள். ஆதார், வங்கிப் புத்தகம், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகலை நம்பிக்கையான ஒருவரிடம் முன்பே கொடுத்துவையுங்கள். அடித்தவர் அழுது மன்னிப்புக் கேட்டாலும், மாதக்கணக்கில் நடத்தையில் மாற்றம் தெரியாமல் திரும்பிப் போகவேண்டாம். போதகர் ஒருவரையும் அவசரப்படுத்தக்கூடாது.

குடி இருந்தால் அதை நோயாகப் பாருங்கள். ஜெபத்தோடு மீட்பு மருத்துவமனையும் வேண்டும். குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் நடக்கின்றன. குடிப்பவரின் குடும்பத்தாருக்கு அல்-அனான் குழுக்கள் உண்டு. அவருடைய குடியை மூடி மறைக்க அலுவலகத்துக்குப் போன் செய்து "காய்ச்சல்" என்று பொய் சொல்வதை முதலில் நிறுத்துங்கள்.

சில திருமணங்கள் பிரிவில் முடிகின்றன. கிறிஸ்தவருக்கான விவாகரத்துச் சட்டம் 1869-ல் வந்தது. 2001-ல் திருத்தப்படும்வரை மனைவி விவாகரத்துக் கேட்கக் கணவனின் கள்ள உறவை மட்டும் நிரூபித்தால் போதாது, கூடவே கொடுமை போன்ற இன்னொன்றையும் நிரூபிக்கவேண்டியிருந்தது. இப்போது இருவருக்கும் பெரும்பாலும் ஒரே காரணங்கள்தான், பரஸ்பர சம்மதத்துக்கும் இடம் உண்டு. இப்படிப் பிரிந்து வந்தவர்களைச் சபை பின் வரிசைக்குத் தள்ளக்கூடாது.

ஒருவர் மட்டுமே தயார் என்றால்

இதைப் படிக்கும் பலருடைய நிலை இதுவாக இருக்கலாம். வன்முறை இல்லை, வறட்சிதான்; மற்றவருக்கு இதில் அக்கறை இல்லை. அப்படியென்றால் ஒன்பது படியையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். உங்கள் பக்கத்தில் உள்ள ஒன்றை மட்டும் எடுங்கள். பேசாமல் இருக்கும் பழக்கம் உங்களுடையது என்றால் அதை நிறுத்துங்கள். கணக்கை மறைப்பது நீங்கள் என்றால் நோட்டை எடுத்து வையுங்கள். பலன் தெரிய மாதங்கள் ஆகும், அதுவரை "நான் மாறிட்டேன், நீங்க?" என்று கேட்காதீர்கள்.

தனியாகச் சுமக்கவும் வேண்டாம். அப்போஸ்தலர் 18-ல் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதி அப்பொல்லோ என்ற பிரசங்கியைத் தனியே சேர்த்துக்கொண்டு சொல்லிக்கொடுத்ததுபோல, உங்கள் சபையில் இருபது வருஷமாவது சேர்ந்து வாழ்ந்த, வாய் காக்கத் தெரிந்த ஒரு தம்பதியைத் தேடுங்கள். இரு வீட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக இருந்தால் நல்லது. முதல் முறை நீங்கள் மட்டும் போனாலும் பரவாயில்லை. அவர்களால் முடியாத அளவுக்கு இருந்தால் பயிற்சி பெற்ற குடும்ப நல ஆலோசகரிடம் போங்கள். கத்தோலிக்க மறைமாவட்டங்களில் குடும்ப நலப் பணிக்குழு இருக்கும். பங்குத்தந்தையிடம் கேட்டால் வழி சொல்வார். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்தத் தம்பதியிடம் போய், "அண்ணே, அக்கா, ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வரலாமா?" என்று கேளுங்கள்.